97 சதவீதம் அக்யூரசி... எதுல?

எட்டாவது செமஸ்டர் ஆரம்பிச்சா போதும், க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்ம் மழைதான். "ஃப்ரெண்ட்ஸ், ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க, ரெண்டு நிமிஷம்தான் ஆகும்." கீழ ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க். திறந்து பார்த்தா இப்படி இருக்கும்: "நீங்கள் மன அழுத்தத்தில் இருக்கிறீர்களா? ஆம் / இல்லை." "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஃபோன் பயன்படுத்துகிறீர்கள்?" "உங்கள் கவனத்திறனுக்கு ஐந்துக்கு எத்தனை தருவீர்கள்?" நீங்களும் காலேஜ் பஸ்ல நின்னுக்கிட்டே கட்டைவிரலால தட்டி முடிச்சுட்டு, "டன் டா"ன்னு ஒரு மெசேஜ் போட்டிருப்பீங்க.

ரெண்டு மாசம் கழிச்சு அதே பதில்கள் ஒரு பிபிடி-ல வந்து நிக்கும். "மெஷின் லேர்னிங் மூலம் மாணவர்களின் மன அழுத்தத்தைக் கண்டறிதல். அக்யூரசி 97 சதவீதம்." பேனல் மெம்பர்ஸ் எந்த அல்காரிதம், எத்தனை எபோக், ஏன் எஸ்விஎம் போடல, பேஸ் பேப்பர் எதுன்னு கேப்பாங்க. ஒரே ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேக்க மாட்டாங்க: 97 சதவீதம்னா எதுல 97 சதவீதம்?

நான் சொல்ல வர்றது இதுதான். மாடலை மூணு மாசம் ட்யூன் பண்ற நாம, அளக்குற பொருள் என்னன்னு மூணு நிமிஷம் கூட யோசிக்கிறதில்ல. மனுஷங்களோட நடத்தையையோ மனசையோ அளக்குற எந்த ப்ராஜெக்டும், "நாங்க அளக்குறது இது, இப்படித்தான் அளக்குறோம்"னு ஒரு பக்கம் எழுதிக் காட்டாம முதல் ரிவ்யூவைத் தாண்டக் கூடாது. இது சைக்காலஜி டிபார்ட்மென்ட் வேலை இல்ல. இன்னைக்கு அது நம்ம வேலை.

ஸ்ட்ரெஸ்ஸுக்கு யூனிட் என்ன?

மெக், சிவில் நண்பர்கள் இதுக்கு உடனே பதில் சொல்லிடுவாங்க. ஸ்ட்ரெஸ்னா ஃபோர்ஸ் பை ஏரியா. யூனிட் பாஸ்கல். ஸ்டீல் கம்பியை யூடிஎம்-ல மாட்டி இழுத்தா நம்பர் வந்துடும். நம்ம லேப்ல எடுத்தாலும், ஜெர்மனியில எடுத்தாலும், அதே கம்பிக்கு கிட்டத்தட்ட அதே நம்பர்தான்.

இப்போ அதே வார்த்தையை உங்க ரூம்மேட்டுக்குப் போடுங்க. "அவன் செம ஸ்ட்ரெஸ்ல இருக்கான்." யூனிட் என்ன? எந்த மெஷின்ல மாட்டுவீங்க?

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி காட்டினவர் சைக்காலஜிஸ்ட் இல்ல, ஒரு ஃபிசிசிஸ்ட். பெர்சி பிரிட்ஜ்மன், பின்னாடி 1946-ல நோபல் பரிசு வாங்கினவர், 1927-ல எழுதின புத்தகத்துல ஒரு எளிமையான விஷயத்தைச் சொன்னார். நீளம்னா என்னன்னு தத்துவம் பேசாதீங்க. நீளத்தை எப்படி அளக்குறீங்களோ, அந்தச் செயல்கள்தான் அதோட அர்த்தம். இதைத்தான் ஆப்பரேஷனல் டெஃபினிஷன்னு சொல்றோம். தமிழ்ல செயல்முறை வரையறை.

நடத்தையை ஆராய்ஞ்சவங்க இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. எலிக்குப் பசி எவ்வளவுன்னு எலிகிட்ட கேக்க முடியாது. அதனால "கடைசியா சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு"ன்னு பசியை வரையறுத்தாங்க. இன்னொரு லேப்ல "வழக்கமான உடல் எடையில எத்தனை சதவீதத்துக்கு இறங்கியிருக்கு"ன்னு வரையறுத்தாங்க. ரெண்டும் பசிதான். ஆனா ரெண்டும் ஒரே வேரியபிள் இல்ல. பேப்பரைப் படிக்கிறவருக்கு எந்தப் பசியைப் பத்திப் பேசுறோம்னு தெளிவா தெரியும். அதுதான் முக்கியம்.

மனுஷனோட ஸ்ட்ரெஸ்ஸுக்கு வாங்க. ஒரு குழு எச்சில்ல இருக்குற கார்ட்டிசோல் அளவை எடுக்கும். இன்னொரு குழு இதயத் துடிப்பை எடுக்கும். மூணாவது குழு கேள்வித்தாள் கொடுக்கும். மூணும் சில நேரம் ஒத்துப்போகும், பல நேரம் ஒத்துப்போகாது. பேப்பர் டைட்டில்ல மட்டும் மூணுக்கும் ஒரே பேரு. நம்ம ஃபார்ம் இந்த மூணுலயும் சேராது. "மன அழுத்தத்தில் இருக்கிறீர்களா"ன்னு பஸ்ல போறவரைக் கேட்டு, அவர் அந்த வினாடி எதைத் தொட்டாரோ அதை எடுத்துக்கிச்சு.

சரியா செஞ்ச உதாரணமும் இருக்கு. வேரபிள் சென்சார்ல ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு வெசாட்ங்கிற டேட்டாசெட் தெரிஞ்சிருக்கும். 2018-ல வந்தது. 15 பேர்கிட்ட எடுத்த டேட்டா. அதுல ஸ்ட்ரெஸ்ங்கிற லேபிள் எங்கிருந்து வந்துச்சு? ஒரு சின்ன பேனல் முன்னாடி நின்னு பேசச் சொன்னாங்க. அப்புறம் மனக்கணக்கா 2023-லருந்து 17, 17-ஆக் குறைச்சுக்கிட்டே வரச் சொன்னாங்க. தப்பு பண்ணா மறுபடி முதல்லருந்து. அந்த நேரத்துல சென்சார் பதிவு பண்ணதுக்குத்தான் ஸ்ட்ரெஸ்னு பேரு. அதாவது கிட்டத்தட்ட நம்ம வைவா!

இது ஒரு நேர்மையான வரையறை. "பேனல் முன்னாடி நிக்கும்போது உடம்புல நடக்குற மாற்றம்"னு தெளிவா இருக்கு. ஆனா அதை ட்ரெயின் பண்ணின மாடலைத் தூக்கிட்டு வந்து, எஜுகேஷன் லோன் கட்டணுமேன்னு ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்குற ஒருத்தர் கையில மாட்டினா, அது என்ன சொல்லும்? வைவா பயம் இல்லைன்னு சொல்லும். அவருக்குக் கஷ்டம் இல்லைன்னு அர்த்தம் ஆகாது.

சொல்றது ஒண்ணு, செய்றது ஒண்ணு

"சரி, ஃபார்ம்ல கேள்வியை நல்லா எழுதிட்டாப் போச்சு"ன்னு நினைக்கலாம். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கு. நாம அளக்க நினைக்கிறது நடத்தையை. ஃபார்ம் அளக்குறது, ஒருத்தர் தன்னோட நடத்தையைப் பத்திச் சொல்ற பதிலை.

இதை ரிச்சர்ட் லாபியர்ங்கிற அமெரிக்க சமூகவியலாளர் 1934-லயே காட்டிட்டார். அப்போ அமெரிக்காவுல சீனர்கள் மேல வெறுப்பு அதிகம். லாபியர் ஒரு இளம் சீனத் தம்பதியோட கார்ல நாடு முழுக்கச் சுத்தினார். தங்குற இடம், சாப்பிடுற இடம்னு மொத்தம் 251 இடம். ஒரே ஒரு இடத்துலதான் "இடம் இல்ல"ன்னு சொன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே இடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, "உங்க இடத்துல சீனர்களை அனுமதிப்பீங்களா?"ன்னு கேட்டார். 128 பதில் வந்துச்சு. 90 சதவீதத்துக்கும் மேல "மாட்டோம்"னு எழுதியிருந்தாங்க.

வாசல்ல வந்து நின்ன மனுஷங்களை உள்ள விட்டவங்க, காகிதத்துல மாட்டோம்னு சொல்றாங்க. எது உண்மை? பதில் எழுதினது முதலாளியா இருக்கலாம், அன்னைக்கு ரிசப்ஷன்ல நின்னது வேற ஆளா இருக்கலாம். வெள்ளைக்காரப் பேராசிரியர் கூட வந்ததும் ஒரு காரணமா இருக்கலாம். இந்த ஆய்வை விமர்சனம் பண்ணவங்க இதையெல்லாம் கேட்டாங்க, நியாயமாவே கேட்டாங்க. ஆனா அடிப்படை விஷயம் நிக்குது: கடிதம் அளந்தது ஒரு வேரியபிள், கார் பயணம் அளந்தது இன்னொரு வேரியபிள். ஒண்ணை எடுத்துக்கிட்டு இன்னொண்ணோட பேரை வைக்க முடியாது.

நம்ம காலத்து உதாரணம் உங்க பாக்கெட்லயே இருக்கு. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஃபோன் பார்க்குறீங்க?" இதுக்கு மனசுல வர்ற பதிலை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. இப்போ செட்டிங்ஸ்ல போய் ஸ்க்ரீன் டைம் பாருங்க. எனக்கு உங்க நம்பர் வேண்டாம், ரெண்டும் எவ்வளவு தள்ளி இருக்குன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

2021-ல நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர் இதழ்ல, இந்த மாதிரி பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை வந்துச்சு. மனுஷங்க தாங்களே சொல்ற பயன்பாட்டு நேரத்துக்கும், ஃபோன் பதிவு பண்ணின நேரத்துக்கும் உறவு நடுத்தரமாத்தான் இருக்கு. "நான் ஃபோனுக்கு அடிமையா இருக்கேனா"ன்னு அளக்குற கேள்வித்தாள்களுக்கும் பதிவான நேரத்துக்கும் உள்ள உறவு அதைவிடக் குறைவு.

இதை நாம எப்படி எடுத்துக்கணும்? "மொபைல் அடிக்‌ஷன்" ப்ராஜெக்ட் பண்றவங்க ஃபார்ம்ல மணி நேரம் கேட்டா, அவங்க அளக்குறது பயன்பாட்டை இல்ல. தன்னோட பயன்பாட்டைப் பத்தி ஒருத்தருக்கு இருக்குற உணர்வை. குற்ற உணர்ச்சி அதிகமா இருக்கிறவர் கூடச் சொல்லுவார். அந்த உணர்வும் ஆராயத் தகுந்த விஷயம்தான். அதுக்கு அந்தப் பேரை வைங்க. அவ்வளவுதான்.

யாருக்காக ப்ராக்ஸி?

ப்ராக்ஸின்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. ஃப்ரெண்ட் கேன்டீன்ல இருப்பான். நீங்க குரலை மாத்தி "ப்ரெசென்ட் சார்"னு சொல்லுவீங்க. ஆராய்ச்சியிலயும் ப்ராக்ஸி உண்டு, அதே வேலைதான். நேரடியா அளக்க முடியாத ஒண்ணுக்குப் பதிலா, அளக்க முடிஞ்ச இன்னொண்ணு எழுந்து கையைத் தூக்கும். கத்துக்கிட்டதுக்குப் பதிலா அட்டெண்டென்ஸ். அறிவுக்குப் பதிலா சிஜிபிஏ. ப்ராக்ஸி இல்லாம வண்டி ஓடாது, அதை ஒத்துக்கிறேன். ஆனா கை தூக்கினது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டே கணக்கு எழுதணும்.

உலகத்துலயே பிரபலமான ப்ராக்ஸி ஒரு மிட்டாய். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல வால்டர் மிஷல்ங்கிறவர் 1960-களோட கடைசியில ஆரம்பிச்ச மார்ஷ்மெல்லோ சோதனை. குழந்தை முன்னாடி ஒரு தின்பண்டம். "நான் திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா ரெண்டு கிடைக்கும்." எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிக்குதோ, அதுதான் சுயக்கட்டுப்பாடு. பின்னாடி, அதிக நேரம் காத்திருந்த குழந்தைங்க வளர்ந்ததும் படிப்புல நல்லா வந்தாங்கன்னு பேப்பர்கள் வந்துச்சு. நீங்க பார்த்த மோட்டிவேஷன் ரீல்ஸ்ல பாதிப் பேர் இந்தக் கதையைச் சொல்லியிருப்பாங்க.

அளந்தது நிமிஷம். வச்ச பேரு சுயக்கட்டுப்பாடு. நடுவுல இருக்குற பாலம் உறுதியா?

2013-ல ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளை வச்சு ஒரு சோதனை வெளியிட்டாங்க. மிட்டாய்க்கு முன்னாடியே, "இரு, நல்ல கலர் பென்சில் எடுத்துட்டு வரேன்"னு குழந்தைகிட்டச் சொன்னாங்க. பாதிக் குழந்தைகளுக்குச் சொன்ன மாதிரியே எடுத்துட்டு வந்தாங்க. மீதிப் பாதிக்கு "ஸாரி, இல்ல"ன்னு வெறுங்கையோட வந்தாங்க. அப்புறம் மிட்டாய் சோதனை. வாக்கு காப்பாத்தப்பட்ட குழந்தைங்க சராசரியா 12 நிமிஷம் காத்திருந்தாங்க. ஏமாந்த குழந்தைங்க? சராசரியா 3 நிமிஷம்.

சொன்ன சொல்லைக் காப்பாத்தாத ஆள் முன்னாடி, கையில இருக்குறதைத் தின்னுடுறது கட்டுப்பாடு இல்லாத்தனமா, புத்திசாலித்தனமா? அந்த நிமிஷக் கணக்குல சுயக்கட்டுப்பாடும் இருக்கு, "இந்தப் பெரியவங்களை நம்பலாமா"ங்கிற கணிப்பும் இருக்கு. 2018-ல 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளோட தகவலை வச்சு இன்னொரு குழு பார்த்தப்போ, குடும்பப் பின்னணியையும் சின்ன வயசுத் திறன்களையும் கணக்குல சேர்த்ததும், காத்திருப்புக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பெருமளவு சுருங்கிடுச்சு.

இங்க ரெண்டு வார்த்தையைப் பிரிச்சுப் பார்க்கணும். ரிலயபிலிட்டின்னா அளவுகோல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி காட்டுறது. வாலிடிட்டின்னா நாம அளக்குறதாச் சொல்றதை அது உண்மையிலேயே அளக்குறது. ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின்ல பத்துத் தடவை ஏறினாலும் அதே 62 கிலோ காட்டினா ரிலயபிலிட்டி பக்கா. அந்தச் சீட்டைப் பார்த்து "உன் உயரம் 62"ன்னு சொன்னா வாலிடிட்டி பூஜ்ஜியம். நம்ம ரிப்போர்ட்ல வர்ற கான்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ், எஃப்1 ஸ்கோர் எல்லாமே மாடல் அந்த லேபிளை எவ்வளவு சரியாப் பிடிக்குதுன்னுதான் பேசுது. லேபிள் சரியான்னு அதுக்குத் தெரியாது.

மூணுங்கிற சராசரி

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா எல்லா ஃபார்ம்லயும் இருக்கிறது: ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் போடுங்க.

இதுக்குப் பின்னாடி இருக்கிறவர் ரென்சிஸ் லிக்கர்ட். பொறியியல் படிக்கப் போய், பாதியில சமூகவியல் பக்கம் திரும்பினவர்! 1932-ல அவர் கொடுத்த முறையோட உயிரே, ஒரு விஷயத்தைப் பத்திப் பல வாக்கியங்கள் கொடுத்து, எல்லாப் பதிலையும் கூட்டிப் பார்க்கிறது. ஒத்தை வாக்கியத்துல தவறு இருந்தாலும் கூட்டும்போது அது கொஞ்சம் அடங்கும். நாம அவர் பேரை வச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுட்டு, "லிக்கர்ட் ஸ்கேல் பயன்படுத்தினோம்"னு எழுதுறோம்.

அடுத்தது சராசரி. 1946-ல எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் அளவுகோல்களை நாலு வகையாப் பிரிச்சார். வெறும் பெயர் வைக்கிற எண், பஸ் ரூட் நம்பர் மாதிரி. வரிசை காட்டுற எண், ரேங்க் மாதிரி. சம இடைவெளி உள்ள எண், செல்சியஸ் மாதிரி. உண்மையான பூஜ்ஜியம் உள்ள எண், கிலோ மாதிரி. "முற்றிலும் மறுக்கிறேன்" லருந்து "மறுக்கிறேன்" வரைக்கும் இருக்குற தூரமும், "நடுநிலை" லருந்து "ஏற்கிறேன்" வரைக்கும் இருக்குற தூரமும் ஒண்ணா? யாரும் அளந்து பார்க்கல. வரிசை மட்டும்தான் நிச்சயம். இதுல சராசரி போடலாமா கூடாதான்னு ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

சண்டையை விடுங்க, நடைமுறைக்கு வாங்க. ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டுக்கு 100 பேர் மார்க் போடுறாங்க. எல்லாரும் 3 போட்டா சராசரி 3. பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 போட்டாலும் சராசரி 3. முதல் மெஸ்ல யாருக்கும் பெரிய குறை இல்ல. ரெண்டாவது மெஸ்ல 50 பேர் ராத்திரி பிஸ்கட் தின்னுட்டுப் படுக்குறாங்க. அந்த ஒத்தை நம்பரைப் பார்த்து முடிவெடுக்குற வார்டனுக்கு இந்த 50 பேர் தெரியவே மாட்டாங்க.

விலை கொடுக்குறது யாரு?

"ப்ராஜெக்ட் தானே, மார்க் வாங்கினா போதும்"னு நீங்க சொல்லலாம். ரிப்போர்ட் பைண்டிங்கோட முடிஞ்சா நானும் விட்டுடுவேன். ஆனா நாம பழகுற பழக்கம்தான் நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல ப்ராடக்ட் ஆகுது.

"வகுப்பறையில மாணவர் கவனத்தைக் கண்டறியும் சிஸ்டம்" எடுத்துக்கோங்க. வருஷா வருஷம் வர்ற ப்ராஜெக்ட். கேமரா முகத்தைப் பார்க்கும், உணர்ச்சியைச் சொல்லும். ட்ரெயின் பண்ண பெரும்பாலும் எடுக்குறது எஃப்இஆர் 2013. 35,887 படம், 48-க்கு 48 பிக்சல், ஏழு உணர்ச்சி. அந்தப் படங்கள் எங்கிருந்து வந்துச்சு? உணர்ச்சி சம்பந்தமான வார்த்தைகளை கூகுள் இமேஜ் சர்ச்ல போட்டுத் திரட்டினது. அதாவது "சோகம்"ங்கிற லேபிளுக்கு அர்த்தம், "இந்த மனுஷர் சோகமா இருந்தார்" இல்ல. "இந்தப் படம் சோகம் சம்பந்தமான தேடல்ல வந்துச்சு". பாதிக்கு மேல போஸ் கொடுத்த நடிகரா இருந்தாலும் நமக்குத் தெரியாது. டேட்டாசெட்டை வெளியிட்டவங்களே மனுஷங்களோட அக்யூரசி இதுல 65 சதவீதம் பக்கம்தான்னு பதிவு பண்ணியிருக்காங்க.

2019-ல லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் சக ஆய்வாளர்களும், முகத்தை வச்சு உணர்ச்சியைச் சொல்லலாமான்னு இருக்கிற ஆதாரங்களையெல்லாம் அலசினாங்க. ஒரு முகபாவத்தை வச்சு உள்ள என்ன உணர்ச்சின்னு நம்பகமாச் சொல்ல முடியாதுங்கிறதுதான் அவங்க முடிவு. கோபத்துல முறைக்காதவங்க நிறைய. கோபமே இல்லாம, கணக்கு புரியலைன்னு முறைக்கிறவங்களும் நிறைய. கடைசி பெஞ்ச்ல நெத்தியைச் சுருக்கிக்கிட்டு உக்கார்ந்திருக்கிறவர்தான் ஒருவேளை அந்த க்ளாஸ்ல உண்மையிலேயே யோசிச்சுக்கிட்டு இருக்கிறவரா இருக்கலாம். நம்ம சிஸ்டம் அவருக்குச் சிவப்பு பாக்ஸ் போடும்.

2022-ல மைக்ரோசாஃப்ட் தன்னோட முகம் கண்டறியும் சேவையிலருந்து உணர்ச்சியை ஊகிக்கிற வசதியை எடுக்கிறதா அறிவிச்சது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல நிறைவேத்தின ஏஐ சட்டம், மருத்துவம், பாதுகாப்பு காரணங்கள் தவிர, வேலை செய்யுற இடத்துலயும் கல்வி நிலையங்கள்லயும் உணர்ச்சியை ஊகிக்கிற சிஸ்டங்களைத் தடை பண்ணிடுச்சு. 2025 பிப்ரவரிலருந்து தடை அமல். நாம ரிவ்யூல பெருமையா டெமோ காட்டுற சிஸ்டத்தை அங்க ஒரு காலேஜ்ல மாட்டினா சட்டவிரோதம்.

நல்லா செஞ்ச அளவுகோல்லயும் கவனம் வேணும். மனச்சோர்வுக்கு பிஹெச்க்யூ-9னு ஒரு கேள்வித்தாள் உண்டு. ஒன்பது கேள்வி, கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி, மொத்தம் 27 மார்க். 2001-ல வெளியான ஆய்வுல, 10-ஓ அதுக்கு மேலயோ எடுத்தவங்களைக் கணக்கெடுத்தா, மனச்சோர்வு இருக்கிறவங்கள்ல 88 சதவீதம் பேரைச் சரியாப் பிடிச்சது; இல்லாதவங்கள்ல 88 சதவீதம் பேரைச் சரியா விட்டுச்சு. நல்ல கருவிதான். இப்போ ஒரு கணக்கு போடுவோம். 1000 மாணவர்கள். அதுல 100 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு இருக்குன்னு வச்சுக்குவோம். கருவி 88 பேரைப் பிடிக்கும், 12 பேரை விட்டுடும். மீதி 900 பேர்ல 12 சதவீதம், அதாவது 108 பேரைத் தப்பாப் பிடிக்கும். மொத்தம் பிடிபட்ட 196 பேர்ல பாதிக்கும் மேல தப்பு.

இந்த 196 பேரையும் ஒரு கவுன்சிலர் உக்கார வச்சுப் பொறுமையாப் பேசினா, கருவி அதோட வேலையைச் செஞ்சுது. அது ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். ஆனா அதே ஸ்கோரை ஒரு ஆப்ல போட்டு, நேரா வீட்டுக்கு மெசேஜ் போற மாதிரி கோட் எழுதினா? 108 வீட்டுல தேவையில்லாத கலவரம். விடுபட்ட 12 பேருக்கு, "உனக்கு ஒண்ணுமில்ல"ன்னு மெஷினே சொல்லிடுச்சு. ரெண்டாவதுதான் எனக்கு அதிகமா பயமா இருக்கு.

அப்போ என்னதான் பண்றது?

நீங்க சொல்லப் போற மறுப்புகள் தெரியும். நாலு மாசத்துல இதெல்லாம் எப்படி? நாம சைக்காலஜி படிக்கல. பேனல் கேக்குறது அக்யூரசியைத்தான். மூணும் உண்மைதான். ஆனா நான் கேக்குறது ஒரே ஒரு பக்கம். அதுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

அந்தப் பக்கத்துல நாலு வரி இருந்தாப் போதும். ஒண்ணு, நாங்க அளக்க விரும்புறது என்ன. ரெண்டு, அதுக்குப் பதிலா நாங்க உண்மையில பதிவு பண்றது என்ன. யார், எப்போ, எந்தக் கருவியில. மூணு, இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கெல்லாம் ஓட்டை இருக்கலாம். நாலு, இது தப்பாச் சொன்னா பாதிக்கப்படுறது யாரு.

கேள்வித்தாளை நீங்களே எழுதாதீங்க. ஏற்கனவே சோதிச்சுப் பார்த்த கேள்வித்தாள்கள் இருக்கு, பல இலவசமாவே கிடைக்குது. தமிழ்ல கேக்கணும்னா, ஒருத்தர் மொழிபெயர்க்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டு போகட்டும். எங்க அர்த்தம் நழுவுதுன்னு அப்போ தெரியும். இது நமக்கு ரொம்ப முக்கியம். என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்க "டிப்ரஸ்ட்"னு சாதாரணமாச் சொல்லிடுறோம். எங்க ஊர்ல அதே நிலையில இருக்கிறவங்க "மனசே சரியில்ல", "எதுலயும் பிடிப்பு இல்ல", "நெஞ்சு அடைக்குது"ன்னுதான் சொல்லுவாங்க. உங்க கேள்வி அவங்க வார்த்தையில இல்லன்னா, அவங்க "இல்லை"யைத் தட்டிட்டுப் போயிடுவாங்க.

ஃபோன் நேரம் வேணும்னா மனசுல இருக்குறதைக் கேக்காதீங்க, செட்டிங்ஸ்ல பார்த்து எழுதச் சொல்லுங்க. பெரிய குரூப்ல விடுறதுக்கு முன்னாடி பத்து பேர்கிட்ட பக்கத்துல உக்கார்ந்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரியுது?"ன்னு கேளுங்க. முக்கியமா, டைட்டிலைச் சின்னதாக்குங்க. "மாணவர்களின் மன அழுத்தத்தைக் கண்டறிதல்"னு போடாம, "வாய்மொழித் தேர்வு நேரத்தில் இதயத் துடிப்பு மாற்றத்தை வகைப்படுத்துதல்"னு போடுங்க. கேக்கக் கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும். ஆனா அதுல ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்களால பதில் சொல்ல முடியும்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் ரிவ்யூல "அக்யூரசி எவ்வளவு"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "லேபிள் எங்கிருந்து வந்தது"ன்னு கேளுங்க சார். அந்த ஒரு கேள்வி வரும்னு தெரிஞ்சாலே பாதி டீம் தங்களோட ஃபார்மை மாத்திடும்.

ஜூனியர்ஸ், அடுத்த வருஷம் நீங்க ஃபார்ம் அனுப்பும்போது, லிங்க்குக்கு மேல "ப்ளீஸ் ஃபில்" மட்டும் போடாம, எதை அளக்குறீங்கன்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க. ரெண்டு நிமிஷம் இல்ல, இருபது நிமிஷம் ஆனாலும் உக்கார்ந்து யோசிச்சு ஃபில் பண்ணித் தரேன்.